விமானி புகைக்கலாமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

விஞ்ஞானம் மனிதனுக்குச் சிறகு தந்தது. ஆனால் மனிதனின் பழக்கங்களை அது மாற்றவில்லை. தரையில் இருந்த ஆசைகளையும் பலவீனங்களையும் சுமந்துகொண்டுதான் அவன் வானத்தில் ஏறினான். அவற்றுள் ஒன்று புகைப் பழக்கம். விமானத்தில் பயணிகள் புகைக்கக் கூடாது என்பது இன்று சிறு குழந்தைக்கும் தெரியும். விமானத்தை ஓட்டுபவர் புகைக்கலாமா என்று கேட்டால், “அவர் மட்டும் எப்படிப் புகைக்கலாம்?” என்று உடனே பதில் வரும். ஆனால் பல நாடுகளின் சட்டங்கள் அவ்வளவு எளிதாக அந்தப் பதிலைச் சொல்லிவிடவில்லை. ஏன் தயங்கின, அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டா, இன்று நாம் எங்கே நிற்கிறோம் என்பவற்றை என் அறிவுக்கு எட்டிய அளவில் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

தடை வந்த கதை

ஒரு காலத்தில் புகைத்தல் விமானப் பயணத்தின் சுகங்களுள் ஒன்றாகவே கருதப்பட்டது. 1937-இல் தீப்பற்றி அழிந்த ஜெர்மானிய வான்கப்பல் ‘ஹிண்டன்பர்க்’ எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவால் நிரப்பப்பட்டது. அதற்குள்ளும் புகைப்பதற்கென்று ஒரு தனி அறை இருந்தது! வாயு உள்ளே கசிந்துவிடாதபடி அந்த அறையின் காற்றழுத்தத்தை வெளியிலும் சற்றுக் கூட்டி வைத்து, ஒரே ஒரு மின்சாரப் பற்றவைப்பானை மட்டும் அங்கே அனுமதித்தார்கள். பின்னாளில் வந்த ஜெட் விமானங்களில் புகைப்போருக்கு ஒரு பகுதி, புகைக்காதோருக்கு ஒரு பகுதி என்று இருக்கைகளைப் பிரித்தார்கள். புகைக்கு வரிசை எண் தெரியுமா என்ன? அது தன் விருப்பப்படி எல்லா வரிசைகளுக்கும் சென்றது.

1973-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள், பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் வந்த வாரிக் நிறுவனத்தின் போயிங் 707 விமானத்தில், தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது பின்பக்கக் கழிவறையில் தீ மூண்டது. விமானி ஓர்லி விமான நிலையத்துக்கு முன்பாகவே வயல் வெளியில் விமானத்தை இறக்கினார். ஆயினும் விமானத்தில் இருந்த 134 பேரில் 123 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது தீயன்று, புகையே. கழிவறைக் குப்பைத் தொட்டியில் விழுந்த அணையாத சிகரெட் இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. இதற்குப் பின் கழிவறையில் புகைப்பது தடுக்கப்பட்டது.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். இன்றும் விமானக் கழிவறையில் சாம்பல் கிண்ணம் இருக்கிறது. புகைக்கக் கூடாது என்ற அறிவிப்புக்குப் பக்கத்திலேயே அது இருக்கும். சட்டத்தை மீறி ஒருவர் புகைத்துவிட்டால், அந்தத் துண்டைக் காகிதக் குப்பையில் போடாமல் இதில் போடட்டும் என்பதே நோக்கம். மனிதன் தவறுவான் என்பதை எதிர்பார்த்து, தவறினாலும் உயிர் தப்ப வழி வைப்பதுதான் பொறியியலின் சிறப்பு. இக்கருத்தைப் பின்னர் மீண்டும் காண்போம்.

அமெரிக்காவில் 1988-இல் இரண்டு மணி நேரத்துக்குட்பட்ட உள்நாட்டுப் பயணங்களிலும், 1990-இல் ஏறத்தாழ எல்லா உள்நாட்டுப் பயணங்களிலும் புகைத்தல் தடை செய்யப்பட்டது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 1996 ஜூலை 1-க்குள் சர்வதேசப் பயணங்கள் அனைத்திலும் தடை கொண்டு வருமாறு 1992-இல் உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஆனால் 1990-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தடை பயணிகள் பகுதிக்கும் கழிவறைக்கும் மட்டுமே பொருந்தியது. விமானி அறைக்கு விலக்கு இருந்தது! புகைத்துப் பழகிய விமானியிடமிருந்து சிகரெட்டைத் திடீரென்று பறித்தால் அவர் கவனம் சிதறும், அதுவே ஆபத்தாகும் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

நம் நாட்டில்

நம் நாட்டில் 2001 நவம்பர் 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், முரளி தேவ்ரா தொடர்ந்த வழக்கில், மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், பொது வாகனம் முதலிய இடங்களில் புகைப்பதைத் தடை செய்து ஆணையிட்டது. 2003-இல் புகையிலைப் பொருட்கள் பற்றிய மத்தியச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, பொது இடங்களில் புகைப்பதற்கு எதிரான புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. மின் சிகரெட்டுகளை 2019-இல் நாடாளுமன்றம் அடியோடு தடை செய்தது. இன்று நம் பயணிகள் விமானங்களில் பயணியும் புகைக்கக் கூடாது, விமானியும் புகைக்கக் கூடாது.

சாலையிலும் இதே கொள்கைதான். பேருந்து போன்ற பொதுப் போக்குவரத்து வாகனத்தை ஓட்டும்போது புகைப்பது, ஓட்டுநர் உரிமத்தை இழக்கச் செய்யக் கூடிய செயல்களுள் ஒன்றாக 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டுள்ளது. பிறர் உயிரைக் கையில் வைத்திருப்பவர் யாராயினும் அவருக்குத் தனிக் கட்டுப்பாடு வேண்டும் என்பதே இதன் பொருள்.

கொடைக்கானலும் விமானமும்

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் அதன் உள்ளே தரையில் இருக்கும் காற்றழுத்தம் இருப்பதில்லை. உள்ளே உள்ள அழுத்தம் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். நம் கொடைக்கானல் சுமார் 7,000 அடி. உதகையின் தொட்டபெட்டா சுமார் 8,650 அடி. எனவே விமானத்தில் அமர்ந்திருப்பவர் கொடைக்கானலுக்கும் தொட்டபெட்டாவுக்கும் இடைப்பட்ட ஒரு மலையில் அமர்ந்திருப்பதாகக் கொள்ளலாம்.

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 8,000 அடியில் அது ஏறத்தாழ 565. அதாவது நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காற்றில் பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் அதை நுரையீரலுக்குள் தள்ளும் அழுத்தம் குறைந்துவிடுகிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு இந்தக் குறைவால் துன்பமில்லை. அவருடைய இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அப்போதும் சுமார் 92 சதவீதம் பிராணவாயுவால் நிரம்பியே இருக்கும்.

புகைப்பவருடைய நிலை வேறு. சிகரெட் புகையில் கார்பன் மோனாக்சைடு உள்ளது. ஹீமோகுளோபினோடு சேர்வதில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான நாட்டம் கொண்ட வாயு இது. பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் 100 இருக்கைகள் கொண்ட ஒரு வண்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிராணவாயு என்னும் பயணி ஏறுவார், தன் நிறுத்தம் வந்ததும் இறங்குவார். கார்பன் மோனாக்சைடு என்னும் பயணியோ ஏறி உட்கார்ந்தால் எளிதில் எழுந்திருக்க மாட்டார். அதுமட்டுமன்று, அவர் ஏறிய வண்டியில் மற்றப் பயணிகளும் நிறுத்தத்தில் இறங்கச் சிரமப்படுவார்கள். தொடர்ந்து புகைப்பவரின் இரத்தத்தில் இவ்வாறு 5 அல்லது 6 இருக்கைகள், சிலருக்கு அதற்கு மேலும், நிரந்தரமாகப் பிடிக்கப்பட்டிருக்கும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 100 இருக்கைகளில் 6 போக மீதம் 94. விமானத்தின் உயரத்தில் அவற்றுள் 92 சதவீதமே நிரம்புகிறது. ஆக 86 அல்லது 87 இருக்கைகளில்தான் பிராணவாயு. விமானம் உண்மையில் எந்த உயரத்தில் இருந்தாலும், புகைப்பவரின் உடல் மட்டும் இன்னும் சில ஆயிரம் அடி மேலே இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. இந்தக் குறைவை உடலில் முதலில் உணரும் உறுப்பு கண். அதிலும் மங்கிய ஒளியில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்களுக்குப் பிராணவாயு மிகுதியாகத் தேவை. எனவே இரவுப் பார்வை முதலில் மங்குகிறது. இரவில் ஓடுபாதை விளக்குகளைத் தேடி இறங்கும் விமானிக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. விமானி அறையில் அவசரத் தேவைக்காகத் தூய பிராணவாயுவும் முகமூடியும் வைக்கப்பட்டுள்ளன. பிராணவாயு தானாக எரிவதில்லை, ஆனால் எரியும் எதையும் வெறியோடு எரியச் செய்யும். அதன் அருகே நெருப்புத் துண்டைக் கையில் வைத்திருப்பது அறிவுடைமையாகாது.

மறுபக்க நியாயம்

இவ்வளவும் சொன்ன பிறகும், எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது முறையன்று. நிகோடின் மூளையின் கவனத்தைச் சற்றுக் கூர்மையாக்குகிறது. பழகியவருக்கு அது கிடைக்காதபோது எரிச்சல், பதற்றம், மனம் ஒரு நிலையில் நில்லாமை ஆகியவை தோன்றுகின்றன. உடலில் உள்ள நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். மதுரையிலிருந்து சென்னை செல்ல ஒன்றேகால் மணி நேரம். அதில் பெரிய தொல்லை இராது. டெல்லியிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு 15 மணி நேரத்துக்கும் மேலாகும். அங்கே ஏக்கம் முற்றிய நிலையில்தான் விமானி தரையிறங்க வேண்டியிருக்கும். 1990-இல் அமெரிக்கச் சட்டம் தயங்கியதற்கு இதுவே காரணம்.

இந்த வாதத்தை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவளல்லள். என் தந்தையார் லாரி ஓட்டுநர். மதுரைக்கும் சென்னைக்கும் இடையே இரவில் ஓட்டுபவர். பீடி பிடிப்பவர். இக்கட்டுரைக்காக அவரிடமே கேட்டேன். “ஏம்ப்பா, பீடி பிடிச்சா நெசமாவே தூக்கம் போகுமா?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் சும்மா தாயி. கொட்டாம்பட்டி தாண்டி ஒண்ணு பத்த வச்சா, கையும் வாயும் வேலை செய்யும், அவ்வளவுதான். தூக்கம் போகணும்னா வண்டிய ஓரங்கட்டி ஒரு மணி நேரம் படுக்கணும். படுத்தா லோடு லேட்டாகும், வாடகையில பிடிப்பாங்க” என்றார்.

இந்தப் பதிலில் நான் படித்த பல பக்கங்களின் சாரம் இருக்கிறது. ஓட்டுபவருக்கு உண்மையில் வேண்டியது புகையன்று, ஓய்வு. ஓய்வு கிடைக்காத இடத்தில் புகை அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. விமானத் துறையிலும் இதுவே நிலை. விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தும் விதிகளை 2024 ஜனவரியில் நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அறிவித்தது. விமானியின் சோர்வை இவ்வாறுதான் தீர்க்க வேண்டுமே தவிர, சிகரெட்டால் அன்று.

தடை மட்டும் போதுமா?

அப்படியானால் தடை செய்துவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லலாமா? 2018-ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்ச்சிகள் அவ்வாறு சொல்லவிடாமல் நம்மைத் தடுக்கின்றன.

அந்த ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், டாக்காவிலிருந்து காத்மாண்டு சென்ற யு.எஸ்.-பங்ளா நிறுவனத்தின் விமானம் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளாகி, 71 பேரில் 51 பேர் இறந்தனர். தலைமை விமானி கடும் மன உளைச்சலில் இருந்தார், திசையும் நிலையும் தடுமாறினார் என்று நேபாள விசாரணை அறிக்கை கூறியது. அவர் பறக்கும்போது விமானி அறையிலேயே புகைத்தார் என்பதையும், தமது புகைப் பழக்கத்தை நிறுவனத்திடம் மறைத்திருந்தார் என்பதையும் அது குறிப்பிட்டது. புகைதான் விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணத்தில் சிகரெட்டைத் தேடும் அளவுக்கு ஒருவர் தவித்துக்கொண்டிருந்ததை முன்கூட்டி அறிய வழியில்லாமல் போயிற்றே என்பதுதான் என் கவலை. பக்கத்தில் இருந்த துணை விமானிக்குக் காத்மாண்டு ஓடுபாதை புதியது.

அதே ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், ஹாங்காங்கிலிருந்து சீனாவின் டாலியன் நகருக்குப் பறந்த ஏர் சைனா விமானத்தில் துணை விமானி மின் சிகரெட் புகைத்தார். ஆவி பயணிகள் பகுதிக்குப் போய்விடக் கூடாதென்று காற்றைச் சுழற்றும் விசிறியை நிறுத்தப் பார்த்தவர், அதன் அருகில் இருந்த குளிர்சாதன அமைப்பின் விசைகளைத் தவறுதலாக நிறுத்திவிட்டார். உள்ளே அழுத்தம் குறைந்தது. முகமூடிகள் பயணிகளின் தலைக்கு மேல் வந்து விழுந்தன. விமானம் அவசரமாக 10,000 அடிக்கு இறங்க நேர்ந்தது. நல்லவேளையாக யாருக்கும் தீங்கில்லை. இங்கே ஆபத்தை உண்டாக்கியது ஆவியன்று, அதை மறைக்கும் முயற்சி.

பயணி ஒருவர் புகைத்தால் பக்கத்து இருக்கைக்காரர் பார்ப்பார், பணிப்பெண் பார்ப்பார், கழிவறையில் புகை உணர்கருவி கூவும். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு விமானி அறையின் கதவு உறுதியாக்கப்பட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது. உள்ளே நடப்பதைக் காண ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மற்றொரு விமானி. பெரும்பாலும் அவர் வயதிலும் பதவியிலும் இளையவர். மூத்தவரைப் பார்த்து, “ஐயா, இங்கே புகைக்கக் கூடாது” என்று சொல்ல நம் நாட்டில் எத்தனை இளையவர்களுக்கு நா எழும்? நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ள வழக்கத்தை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

செய்ய வேண்டியது என்ன?

மதுவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வழி ஓரளவு புலப்படும். பறப்பதற்கு முன் 12 மணி நேரம் விமானி மது அருந்தக் கூடாது என்பது நம் நாட்டு விதி. மூச்சுப் பரிசோதனையும் நடக்கிறது. புகைக்கும் இப்படி ஒரு கால வரம்பு வைக்கலாமா? கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் பிடிக்கும். ஆகவே, விமானத்தில் ஏறுமுன் வாசலில் நின்று புகைத்துவிட்டு வருபவர், சென்னையில் இறங்கும்போதும் அதைச் சுமந்துகொண்டுதான் இறங்குகிறார். கால வரம்பு வைத்தால் இது குறையும், ஆனால் ஏக்கம் கூடும். வரம்பு வைக்காவிட்டால் ஏக்கம் குறையும், இரத்தத்தில் நஞ்சு கூடும். மது அருந்துபவருக்கு 12 மணி நேரம் தெளிவைத் தருகிறது. நிகோடினுக்கு அடிமையானவருக்கு அதே 12 மணி நேரம் தவிப்பைத் தருகிறது. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் உதவாது.

‘எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்’ என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். எரிகிற கொள்ளி பழக்கம். அதை எடுக்க விமானிக்கு உதவ வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. புகைப்பதை நிறுத்த உதவும் வலிமையான மருந்துகளுள் ஒன்றான வரெனிக்லின், பக்க விளைவுகளைப் பற்றிய அச்சத்தால் 2008-இல் அமெரிக்க விமானிகளுக்குத் தடை செய்யப்பட்டது. எனவே மருத்துவரின் ஆலோசனையும், நிகோடின் கலந்த சூயிங்கம் போன்ற எளிய உதவிகளும், விடுப்பும் தேவைப்படுகின்றன. இவற்றுக்கெல்லாம் முதற்படி, விமானி தம் பழக்கத்தை மறைக்காமல் சொல்வது. சொன்னால் வேலை போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே என் முடிவு இது. விமானி விமானத்தில் புகைக்கலாகாது. இதில் விலக்கு எதுவும் கூடாது. அதே சமயம், தாமாக முன்வந்து பழக்கத்தைச் சொல்லும் விமானிக்குத் தண்டனை கூடாது, சிகிச்சை வேண்டும். பறக்கும்போது புகைத்தவரைப் பற்றி இளைய விமானி அறிவித்தால், அவருடைய எதிர்காலத்துக்குப் பாதுகாப்பு வேண்டும். ஓய்வு நேர விதிகள் தாளில் நில்லாமல் நடைமுறையில் நிற்க வேண்டும். கழிவறைச் சாம்பல் கிண்ணத்தை வைத்த அந்தப் பொறியாளர்கள், தவறுபவனையும் கணக்கில் கொண்டு பாதுகாப்பை அமைத்தார்கள். சட்டம் செய்பவர்களும் அவ்வாறே செய்ய வேண்டும்.

“பெருங்குடியில் விமானம் ஏறப் போகிறவர்கள் சிலர். அவர்களுக்காக நாம் ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். மாணவத் தோழியரே, தோழர்களே, நம்மில் பெரும்பாலோர் நாள்தோறும் பேருந்தில் வருகிறோம். ஊரிலிருந்து அதிகாலையில் வரும் வண்டியில், இரவு முழுவதும் விழித்த கண்களோடு ஓட்டுநர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். விமானிக்கு ஓய்வு எத்தனை மணி நேரம் என்று எண்ணி விதி செய்கிற நாடு, அவருக்கும் என் தந்தையாருக்கும் அவ்வாறே எண்ணிப் பார்க்க வேண்டும். நம்மில் சிலர் நாளை அதிகாரிகளாகலாம், மருத்துவர்களாகலாம், விமானப் பொறியாளர்களும் ஆகலாம். “புகை பிடிக்காதீர்கள்” என்ற பலகையை மாட்டுவது எளிது. அதைப் படிப்பவர் பிடிக்காமல் இருப்பதற்கு வேண்டிய உறக்கத்தையும் உதவியையும் கொடுப்பது கடினம். கடினமான அந்த வேலைக்காகத்தான் நாம் படிக்க வந்திருக்கிறோம் என்று நான் நம்புகிறேன்.